குறைந்த கட்டண பிராட்பேண்டுக்கு மாறுவது எப்படி: பழைய இணைப்பைத் துண்டிக்கும் முன் செய்ய வேண்டியவை

மூன்று ஆண்டுகளாக எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் வேகமுள்ள ஃபைபர் இணைப்பு இருந்தது. மாதக் கட்டணம் 999 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 1,178 ரூபாய் 82 காசு. மகனுக்கு வெளியூரில் வேலை கிடைத்த பிறகு மதுரை வீட்டில் நானும் மனைவியும் என் தாயாரும் மட்டுமே இருப்பதால், 499 ரூபாய்க்குக் கிடைக்கும் 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவது என்று முடிவு செய்தோம். வரியோடு 588 ரூபாய் 82 காசு. மாதம் 590 ரூபாய், ஆண்டுக்கு 7,080 ரூபாய் மிச்சம்.

ஒரு வாரத்தில் முடியும் என்று எண்ணிய வேலை இரண்டரை மாதம் இழுத்தது. 11 நாட்கள் வீட்டில் இணையம் இல்லாமல் இருந்தோம், பயன்படுத்தாத இணைப்புக்கு ஒரு மாதக் கட்டணம் கட்டினோம், டெபாசிட் பணத்துக்காகப் பலமுறை அலைந்தோம். இவற்றில் ஒன்றுகூட வேகம் குறைந்ததால் வந்த தொல்லை அல்ல. வேலைகளை வரிசை மாற்றிச் செய்ததால் வந்தவை. சரியான வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. வீட்டுக்கு எவ்வளவு வேகம் தேவை என்று கணக்கிடுங்கள்

நிறுவனங்கள் சொல்லும் எம்பிபிஎஸ் கணக்கு பிட்டில் இருக்கிறது. நாம் கோப்புகளை அளக்கும் எம்பி கணக்கு பைட்டில் இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் உண்மை நிலவரம் தெரியும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 5 எம்பி இறங்கும். அதாவது ஒரு ஜிபி அளவுள்ள கோப்பு இறங்க மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 200 எம்பிபிஎஸ் இணைப்பில் அதே கோப்பு 40 நொடியில் இறங்கிவிடும். இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியமா என்பதுதான் முதல் கேள்வி.

படம் பார்ப்பதற்கு மிகக் குறைந்த வேகமே போதும். ஃபுல் எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. யூடியூப் 4கே படத்துக்கு 20 எம்பிபிஎஸ் கேட்கிறது. பல பேர் கூடும் வீடியோ சந்திப்பு நல்ல தெளிவில் நடக்க 3 முதல் 4 எம்பிபிஎஸ் வேண்டும், ஆனால் அது இரு திசையிலும் வேண்டும். எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு டிவி ஒன்று, இரண்டு கைப்பேசிகளில் யூடியூப், மகனோடு வீடியோ அழைப்பு என எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் கூட்டுத்தொகை 20 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை.

எல்லா வீட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. 100 ஜிபி அளவுள்ள விளையாட்டுகளைத் தரவிறக்கும் பிள்ளைகள் இருந்தால், 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அதற்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்தே வேலை செய்து பெரிய வீடியோ கோப்புகளை அனுப்புகிறவர்கள், இரண்டு 4கே டிவிகள் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டினர், கண்காணிப்புக் கேமராக்களின் பதிவை இரவு பகலாக இணையத்தில் சேமிக்கிறவர்கள் ஆகியோர் அவசரப்பட்டு மாற வேண்டாம்.

2. ஒரு வாரம் குறைந்த வேகத்தில் இருந்து பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் முதலில் இதைத்தான் செய்திருப்பேன். பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் பேண்ட்வித் கண்ட்ரோல் அல்லது கியூஓஎஸ் என்ற பகுதி இருக்கும். அதில் மொத்த வேகத்தை 30 அல்லது 40 எம்பிபிஎஸ் என்று கட்டுப்படுத்திவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். யாரும் குறை சொல்லாவிட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

வேகத்தை அளக்கும்போது ஒரு கவனம் தேவை. கைப்பேசியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வழியாக, இரண்டு சுவர்களுக்கு அப்பால் உட்கார்ந்து அளந்தால், எந்தத் திட்டமானாலும் 30 அல்லது 40 என்றுதான் காட்டக்கூடும். லேன் கேபிளை மடிக்கணினியில் செருகி அளப்பதே சரியான அளவு. எங்கள் படுக்கையறையில் 200 எம்பிபிஎஸ் திட்டத்தின்போதே 28 எம்பிபிஎஸ்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. வைஃபை எட்டாத அறைக்கு விலையுயர்ந்த திட்டம் மருந்தாகாது. ரூட்டரை இடம் மாற்றி வைப்பதே மருந்து.

3. இருக்கும் நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்

அதே நிறுவனத்தில் கீழ்த்திட்டம் இருந்தால், மாறுவதற்கு எளிய வழி அதுதான். புதிய கேபிள் வேண்டாம், ஆவணம் வேண்டாம், டெபாசிட்டும் அப்படியே இருக்கும். செயலியில் பெரும்பாலும் மேல்திட்டங்களைத்தான் முன்னால் காட்டுவார்கள். கீழ்த்திட்டத்துக்குப் போக வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைக்க நேரலாம். இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: மாற்றம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும்? இப்போதைய திட்டத்தோடு வரும் ஓடிடி சந்தாக்களில் எவை நின்றுபோகும்? பில் முறை இணைப்பில் கீழ்த்திட்டம் அடுத்த பில் சுழற்சியில்தான் தொடங்குவது வழக்கம். முன்பணம் கட்டிய இணைப்பில், கட்டிய காலம் முடிந்த பிறகே மாற்றுவார்கள்.

ஓடிடி சந்தாவைப் பற்றிய கேள்வியை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திட்டத்தோடு இலவசமாக வந்த இரண்டு சந்தாக்களைப் பிறகு தனியாக வாங்கினால், மிச்சமாகும் 590 ரூபாயில் பாதி அங்கேயே போய்விடக்கூடும். அவற்றை வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. விளம்பர விலையை முழு விலையாக மாற்றிப் பாருங்கள்

அடிப்படை ஃபைபர் திட்டங்கள் 400 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. ஜியோவின் 399 ரூபாய்த் திட்டம் 30 எம்பிபிஎஸ், ஏர்டெல்லின் 499 ரூபாய்த் திட்டம் 40 எம்பிபிஎஸ். பிஎஸ்என்எல்லிலும் இதே விலை வரம்பில் திட்டங்கள் உண்டு. இவை வரி சேராத விலைகள். 399 ரூபாய் என்பது கையிலிருந்து போகும்போது 470 ரூபாய் 82 காசு. ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் திட்டங்கள் மாறுவதால், பணம் கட்டும் நாளில் உங்கள் பின்கோடை இட்டு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்ப வேண்டாம்.

பொருத்தும் கட்டணம் அடுத்த செலவு. எனக்கு அது 500 ரூபாய், வரியோடு 590. அதாவது முதல் மாத மிச்சம் முழுவதும் அதற்கே போயிற்று. ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் பொருத்தும் கட்டணம் இல்லை என்பார்கள். 499 ரூபாய்த் திட்டத்துக்கு ஆறு மாதத் தொகை வரியோடு 3,532 ரூபாய் 92 காசு. அந்தத் தெருவில் அந்த நிறுவனத்தின் இணைப்பு எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் இவ்வளவு பணத்தை முன்கூட்டிக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் மாதத்தை மாதக் கட்டணமாகவே கட்டி, மழைக்காலத்தில் ஒரு வாரமாவது பார்த்துவிட்டு, பிறகு நீண்ட காலத் திட்டத்துக்குப் போகலாம். உள்ளூர் கேபிள்காரர் ஓராண்டுப் பணத்தை ரொக்கமாகக் கேட்டால், நிறுவனத்தின் பெயரில் ரசீது வந்தால் மட்டும் கொடுங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வரம்பு இருக்கும். பெரிய நிறுவனங்களின் அடிப்படைத் திட்டங்களில் அது மாதம் 3,300 ஜிபி என்ற அளவில் இருப்பதுண்டு. ஃபுல் எச்டி படம் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி எடுத்துக்கொள்ளும் என்று வைத்தால், 1,100 மணி நேரம் பார்க்கலாம். ஒரு மாதத்தில் மொத்தம் 720 மணி நேரமே இருப்பதால் எங்களைப் போன்ற குடும்பம் அந்த வரம்பைத் தொடப்போவதில்லை. ஆனால் சில உள்ளூர்த் திட்டங்களில் வரம்பு மிகக் குறைவாக இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் 1 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். வரம்பு எத்தனை ஜிபி, தாண்டிய பின் வேகம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள்.

5. உங்கள் வாசல் வரை கேபிள் வருமா என்று உறுதி செய்யுங்கள்

நான் 11 நாள் இணையம் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இந்தப் படியைத் தாண்டிப் போனதுதான். நிறுவனத்தின் தளம் எங்கள் பகுதிக்கு இணைப்பு உண்டு என்று காட்டியது. அதை நம்பிப் பழைய இணைப்பை மூடச் சொல்லிவிட்டேன். பொருத்த வந்தவர் தெருமுனையில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்து, அதில் காலியான போர்ட் (கேபிளைச் செருகும் இடம்) ஒன்றுகூட இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார். புதிய பெட்டி வைக்கும்வரை காத்திருந்தோம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன், தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் இரண்டு வீடுகளில் விசாரியுங்கள். எத்தனை முறை துண்டிப்பு ஏற்படுகிறது, புகார் சொன்னால் எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பவற்றை அவர்கள்தான் சொல்ல முடியும். பின்பு உள்ளூர் லைன்மேனிடம் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள பெட்டியில் போர்ட் இருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியும், வாடகை வீடானால் சுவரில் துளையிட உரிமையாளரின் ஒப்புதலும் முன்பே வேண்டும்.

வருவது கம்பி வழி இணைப்பா, காற்று வழி இணைப்பா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபைபர் இல்லாத இடங்களில் மொட்டை மாடியில் ஒரு கருவியைப் பொருத்தி 5ஜி கோபுரத்திலிருந்து இணைப்புத் தருகிறார்கள். அது பயனற்றது என்று சொல்லவில்லை; கோபுரம் அருகில் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஃபைபர் என்று எண்ணிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வியப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

6. ஆவணங்களை ஒரே உறையில் சேருங்கள்

ஆதார் அட்டை, ஒரு புகைப்படம், கையில் இயங்கும் கைப்பேசி எண் ஆகிய மூன்றையும் பெரும்பாலும் கேட்பார்கள். ஆதாரில் உள்ள முகவரியும் இணைப்புப் பெறும் முகவரியும் வேறாக இருந்தால், வாடகை ஒப்பந்தத்தின் நகலோ அண்மைய மின்கட்டண ரசீதோ கேட்பார்கள். காகித நகல் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே எந்த நிறுவனத்தின் இணைப்புக்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் தேதியையும் பேனாவால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்; அதை ஏற்றுக்கொண்டால் அதையே கொடுங்கள்.

பழைய இணைப்புக்கான உறை இன்னும் முக்கியம். வாடிக்கையாளர் எண், கடைசி மூன்று பில்கள், டெபாசிட் கட்டிய ரசீது, ரூட்டரின் அடியில் உள்ள தொடர் எண் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். இணைப்பு யார் பெயரில், எந்தக் கைப்பேசி எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். எங்கள் இணைப்பு மகன் பெயரிலும் அவன் கல்லூரிக் காலத்து எண்ணிலும் இருந்தது. அந்த எண்ணை அவன் கைவிட்டு ஓராண்டாகியிருந்தது. மூடுவதற்கான ஓடிபி அந்த எண்ணுக்கே போயிற்று, டெபாசிட்டும் அவன் வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்றார்கள். எண்ணை மாற்றுவதற்கு மட்டும் ஒன்பது நாள் போயின. உங்கள் இணைப்பும் பிள்ளைகள் பெயரில் இருந்தால், எண்ணையும் வங்கிக் கணக்கையும் திருத்திய பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

ஃபைபர் இணைப்போடு தரைவழித் தொலைபேசி எண் ஒன்று வந்திருந்தால், அது புதிய நிறுவனத்துக்கு உங்களோடு வராது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் கைப்பேசிக்கு மட்டுமே உண்டு. வங்கி, எரிவாயு, காப்பீடு ஆகிய இடங்களில் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால் முதலில் மாற்றுங்கள்.

7. பொருத்தும் நாளில் அருகிலேயே நில்லுங்கள்

பொருத்துபவர் வரும் முன்பு, ரூட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்து, அங்கே ஒரு மின்செருகு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவது அவர்களுக்கு எளிது. வீட்டின் நடுவில் வைப்பது உங்களுக்கு நல்லது. ஃபைபர் கேபிளைக் கதவிடுக்கில் நசுங்கவோ கூர்மையாக மடியவோ விடக்கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

வேலை முடிந்ததும், கேபிளில் வரும் ஒளியை அளக்கும் அவருடைய மீட்டரில் தெரியும் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) வரை இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் அந்த இணைப்பு எல்லையில் நிற்கிறது என்று பொருள், எங்காவது ஓர் இணைப்பு முனை சரியாக அமையவில்லை. அப்போதே சரி செய்யச் சொல்லுங்கள். அவர் கிளம்பிய பிறகு அதே வேலைக்குப் புகார் எண் வாங்கிக் காத்திருக்க நேரும். லேன் கேபிள் வழியாக வேகத்தை அளந்து, திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புதிய ரூட்டரிலும் இட்டால், பழையதை அணைத்த மறுகணமே டிவி, கைப்பேசி, கேமரா எல்லாம் தாமாகவே இணைந்துவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி. மின்தடைக்காக வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ் புதிய ரூட்டருக்கும் ஆகுமா என்று வோல்ட் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். பல கருவிகள் 12 வோல்ட்டில் இயங்கினாலும் எல்லாம் அப்படியல்ல.

8. பழைய இணைப்பை இந்த வரிசையில் மூடுங்கள்

புதிய இணைப்பு குறைந்தது ஏழு நாள் நன்றாக ஓடிய பிறகே பழையதைத் தொடுங்கள். அந்த ஏழு நாளுக்கு இரட்டைக் கட்டணம் ஆகும். எங்கள் பழைய கட்டணப்படி பார்த்தால் சுமார் 275 ரூபாய். அந்தச் செலவை நான் தயங்காமல் ஏற்கச் சொல்வேன்.

தேதிகளைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். பில் சுழற்சி மாதத்தின் 14ஆம் தேதி முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 20 நாள் முன்பாகப் புதிய இணைப்புக்குப் பதிவு செய்து, 12 நாள் முன்பாகப் பொருத்தி முடித்து, 5 நாள் முன்பாக மூடும் கோரிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். நான் சுழற்சி முடிந்த மறுநாள் கோரிக்கை கொடுத்தேன். அதனால் முழு மாதக் கட்டணம் விழுந்தது.

கோரிக்கையைத் தொலைபேசியில் மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். சேவை எண்ணில் பேசினாலும், அதே நாளில் நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு வாடிக்கையாளர் எண், மூட வேண்டிய தேதி, டெபாசிட் தொகை, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கோரிக்கை எண்ணை வாங்குங்கள். சலுகை தருகிறோம், இரண்டு மாதம் தொடருங்கள் என்று அழைப்புகள் வரும். உண்மையிலேயே விலை ஒத்துவந்தால் ஏற்கலாம், ஆனால் அந்த உரையாடலின்போது மூடும் கோரிக்கை தானாக ரத்தாகிவிட்டதா என்று மறுநாள் செயலியில் சரிபாருங்கள்.

ரூட்டரையும் அதன் மின் அடாப்டரையும் கொடுக்கும்போது, தொடர் எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். எங்களிடம் வாங்கிச் சென்றவர் செயலியில் பதிந்துவிட்டதாகச் சொல்லிப் போனார். நிறுவனமோ கருவி திரும்பவில்லை என்று சொல்லி 2,000 ரூபாய் டெபாசிட்டை நிறுத்தி வைத்தது. ரூட்டரை அவர் கையில் வாங்கும்போது என் மனைவி எடுத்த படம் இருந்ததால்தான் அந்தப் பணம் திரும்பி வந்தது.

தானியங்கிப் பணப் பிடித்தம் வைத்திருந்தால், கடைசி பில்லைக் கட்டிய உடனே யுபிஐ செயலியிலோ வங்கித் தளத்திலோ ரத்து செய்யுங்கள். இணைப்பை மூடினாலும் அந்த அனுமதி தானாக ரத்தாகும் என்று நம்பியிருக்க வேண்டாம். அட்டை வழியான பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள்.

9. பணம் திரும்பாவிட்டால்

முதலில் சேவை மையத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணை எழுதி வையுங்கள். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஒவ்வொரு நிறுவனமும் அப்படி ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த ஒழுங்குமுறை சொல்கிறது. கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, எனவே அங்கே எழுதி நாட்களை இழக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம். எனக்கு மேல்முறையீடு பதிந்த பதினாறாம் நாள் டெபாசிட் வந்தது.

பணம் வந்த பிறகு, நிலுவை ஏதும் இல்லை என்று மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, கடைசி பில்லோடும் ரூட்டர் ரசீதோடும் சேர்த்துக் குறைந்தது ஓராண்டுக்கு வைத்திருங்கள். மூடிய கணக்கின் பெயரில் பழைய பாக்கி கேட்டு எனக்கு நான்கு மாதம் கழித்து ஓர் அழைப்பு வந்தது. அந்த மின்னஞ்சலை அனுப்பி வைத்தேன். பிறகு அழைப்பு வரவில்லை.